டிரில்லர் குழந்தைவேலும் கிரியாட்டினினும்

ரத்தம் எடுப்பது சுலபம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான வேலை. ஊசி குத்தியதற்காக யாரும் என்னைத் திட்டியதில்லை. காகிதத்தை நீட்டியதற்காகத் திட்டாதவர்கள் குறைவு. லேபில் வேலை பார்க்கிறவர்களுக்கும், லேப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நகம் கடித்தவர்களுக்கும் இந்த அவஸ்தை தெரியும். நான் சேலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து மல்லசமுத்திரம் வந்து ஊசி குத்துகிறவள். இத்தனை வருடத்தில் என்னை அதிகமாகப் படுத்தியவர், போர்வெல் வண்டியில் டிரில்லராக இருக்கும் குழந்தைவேல்.

பத்தடி தள்ளி

இடுப்பு வலி, கால் வீக்கம் என்று போனவருக்கு டாக்டர் யூரியாவும் கிரியாட்டினினும் எழுதியிருந்தார். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு. அதைப் பெருக்கி வெளியே தள்ளுவது கிட்னியின் வேலை. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது இவருக்கு 2.1 இருந்தது.

"அதிகமா இருக்குதுங்கண்ணா, உடனே டாக்டரப் பாருங்க" என்றேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. நான் ஊசி குத்திய இடது கையைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு வலது கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு என் முன்னால் நீட்டினார்.

"ஒரு பாயிண்ட்ல தண்ணி வராம புழுதி பறந்துச்சுன்னா பத்தடி தள்ளிப் போர் போடுவோமுங்க அம்மிணி. இந்தக் கையில எடுத்துப் பாருங்க, நல்லா வரும்."

நாலு பாட்டில் தண்ணீர்

ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லி டாக்டர் அனுப்பினார். இந்த முறை மனைவி சரசுவும் கூட வந்தார். கிட்னியைக் கழுவி எடுத்துவருவதாக நினைத்துக்கொண்டு குழந்தைவேல் விடிந்ததிலிருந்து நாலு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தார். நான் கையில் ரப்பர் கட்டுவதற்குள் மூன்று தடவை பாத்ரூம் போய்விட்டார்.

யூரியா கொஞ்சம் இறங்கியிருந்தது. தண்ணீருக்கு அது அசைந்து கொடுக்கும். கிரியாட்டினின் 2.1ஐ விட்டு நகரவில்லை. ஒன்று ரெண்டாவதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டார். வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உங்கள் கிட்னி பாதி வேலைகூடச் செய்யவில்லை, அதுதான் வித்தியாசம் என்றேன். இன்னும் ஏறினால் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். குழந்தைவேல் ஐந்தாவது பாட்டிலைத் திறந்தார். சரசுதான் பேசினார்.

"நானும் இவருகூடத்தானுங்க படிச்சேன். பரிச்சையில ஒரு வரி எழுதாம அடிசனல் பேப்பரு மட்டும் வாங்குற ஆளுங்க இவரு."

மாத்திரையில் சேராதது

வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றே சொல்லிவந்திருக்கிறார். நானும் கேட்டேன். "மாத்திரையே தொடமாட்டனுங்க" என்றார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அதை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டதும் வலி மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது. பத்தில் ஏழு காலி.

வண்டி அதிர்வில் இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஆறு வருஷமாக. எனக்கு வந்த கோபத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். "கிட்னியக் கெடுத்தது இதுதாங்கண்ணா, இத்தன நாளும் டாக்டர் தேடிட்டிருந்தது இதைத்தான்!" கத்திக்கொண்டே டாக்டருக்கு போன் போட்டேன். குழந்தைவேல் முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

"இது மாத்திரையில சேத்தியில்லீங்க அம்மிணி, வண்டிக்கு டீசல் ஊத்தற மாதிரி. நீங்க சீக்குக்குப் போடறதையில்ல கேட்டீங்க?"

வண்டி போனது, அவர் போகவில்லை

அடுத்த மாதம் வண்டி போர் போட வட மாநிலங்களுக்குக் கிளம்ப வேண்டியது. போனால் திரும்ப எட்டு மாதம் ஆகும். மாத்திரை இல்லாமல் அவரால் வண்டி ஏற முடியாது. மாத்திரை போட்டுக்கொண்டு ஏறினால் கிட்னி தாங்காது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். இருபது வருடத்தில் முதல் தடவையாக வண்டி அவரை விட்டுவிட்டுப் போனது.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது "மாதாவே, பாத்துக்க" என்று நான் முணுமுணுத்தது உண்மை. 1.6 என்று வந்தது. நம்பிக்கை இல்லாமல் மறுபடி ஓட்டினேன். அப்போதும் 1.6. கெட்டது முழுசாகத் திரும்பாது, ஆனால் டயாலிசிஸ் இப்போதைக்கு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தைவேல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சரசு மட்டும் சிரிக்காமல், அவர் எழுந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இவருக்கு எறங்கிருச்சுங்க. மூணு மாசமா இவர ஊட்டுலயே வெச்சுப் பாத்ததுல எனக்கு பிரசர் ஏறிப்போச்சு, எனக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்துருங்க அம்மிணி."

ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று மெஷின் அரை மணி நேரத்தில் சொல்லிவிடும். அதை அந்த ரத்தத்தின் சொந்தக்காரர் ஒப்புக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்கிற மெஷின் எங்கள் லேபுக்கு இன்னும் வரவில்லை.