மாமனாரும் மருமகனும் பூட்டிய மோட்டார்

போன வருடம் பள்ளி திறந்த சமயத்தில் நடந்தது இது. நாங்கள் பெங்களூரு ஜோகுபாளையத்தில் இருக்கிறோம். நான் பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் டீச்சர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஸ்கூட்டர் ஓட்டப் பயம். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. ஆனால் நாற்பதைத் தாண்டியதும் முழங்கால் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. அல்சூர் ஏரியைத் தாண்டினால் வரும் ஏற்றத்தில் பாதியிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். சைக்கிளை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்குப் போய் அழுவார்களா என்றால், ஆமாம், நான் அழுவேன்.

அழுகையைப் பார்த்துவிட்டு என் அப்பாவும் கணவரும் சேர்ந்து கண்டுபிடித்த வழிதான் சைக்கிளுக்கு மோட்டார் வைப்பது.

இவர்கள் இருவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் வேலூர்ப் பக்கம். இங்கே கம்ப்யூட்டர் வேலை. நான் ஒரே பெண் என்பதால் கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். வீட்டோடு மாப்பிள்ளை என்ற நினைப்பு அவருக்கு வந்துவிடக் கூடாதே என்று அப்பாவுக்குக் கவலை. மாமனார் வீட்டில் இருந்துகொண்டே குறை சொல்கிறான் என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. சாப்பாட்டில் கடைசித் துண்டு மீனை இவர் அவர் பக்கம் தள்ளுவார், அவர் இவர் பக்கம் தள்ளுவார். கடைசியில் அது ஆறிப்போய் என் தட்டுக்கு வரும்.

சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்து வருவது எங்கள் வசதிக்கு அதிகம். செயினில் ஓடும் மோட்டார் மலிவு. வலது பக்கம் பெடல் செயின் ஓடுவதால், மோட்டார் செயின் இடது பக்கம்தான் ஓட வேண்டும். மோட்டாரையும், பின்சக்கரத்தில் திருகி மாட்டும் பல்சக்கரத்தையும் என் கணவர் ஆன்லைனில் தேடித் தேடி, இருப்பதிலேயே விலை குறைந்ததாக வரவழைத்தார். அப்பா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், பழைய சாமான் விற்கும் குஜ்ரி கடைகளில் வெயிலில் அலைந்து ஒரு செயின் வாங்கி வந்தார். பல்சக்கரத்தை அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குங்க மாப்பிள்ளை என்றார். செயினை இவர் விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு, சூப்பர் மாமா என்றார். எனக்கு அந்த நேரத்தில் இருவர் மேலும் பெருமையாக இருந்தது.

வண்டி ஓடியது. ஏற்றத்தில் மோட்டார் சுவிட்சை அழுத்தினால் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல ஏறியது. என்னுடன் வேலை பார்ப்பவர்களிடம் அளக்காத அளப்பு இல்லை. நடுநடுவே இடது பக்கம் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். அப்பாவிடம் கேட்டேன். ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். கணவரிடம் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்.

அடுத்த வாரம் அப்பா ஒரு ஞானஸ்நான விருந்துக்காகத் தங்கவயல் போனார். அங்கேயே இரண்டு நாள் தங்கிவிட்டார்.

அவர் ஊரில் இல்லாத இரண்டாம் நாள் காலை. மழை விட்டிருந்தது. ஏற்றத்தில் பாதி தூரம் போயிருப்பேன். கீழே ஏதோ நறநறவென்று அரைத்தது. என்னவென்று குனிவதற்குள் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பல்சக்கரம் கழன்று சாய்ந்து, செயின் நழுவி ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் நான் நடுரோட்டில் கிடக்கிறேன், பின்னால் ஒரு தண்ணீர் லாரி பிரேக் அடிக்கிறது என்பதுதான். கையை நீட்டினால் டயரைத் தொட்டிருக்கலாம். செத்தேன் என்றே நினைத்தேன். பிள்ளைகளுக்கு நோட்டு திருத்தவில்லையே என்றும் நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

லாரி டிரைவர் இறங்கி வந்து என்னைத் தூக்கி நடைபாதையில் உட்கார வைத்தார். லாரியின் பின்குழாயைத் திறந்து முழங்கை ரத்தத்தைக் கழுவினார். சைக்கிளை ஒரு மரத்தடியில் சாத்தினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களை ஒரு முறை முறைத்தார். பிறகு அந்தச் செயினையும் பல்சக்கரத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் கன்னடத்தில் கேட்டார்.

“ஏனம்மா, மனேலி ஹேளோரு யாரூ இல்வா?”

வீட்டில் சொல்வதற்கு ஆளே கிடையாதா என்று அர்த்தம். திட்டத்தான் திட்டினார். எனக்கு அது நிஜமான கேள்வியாகவே பட்டது.

அன்று மாலை அப்பா வந்து சேர்ந்தார். என் கைக்கட்டைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நடந்ததைச் சொல்லி, டிரைவர் கேட்டதையும் அப்படியே சொன்னேன். அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அந்தப் பல்சக்கரத்தோட மரை தப்பும்மா, வலது பக்கத்துக்கு வெட்டினது. எடது பக்கம் மாட்டினா ஏத்தத்துல தானா கழண்டுக்கும். தெனம் சாயங்காலம் நான்தான் முறுக்கி வச்சிக்கினு இருந்தேன்.”

“ஏம்ப்பா சொல்லல?”

“மாப்பிள்ளை ஆசையா வரவழைச்சது. நான் எப்படிம்மா நொட்டை சொல்றது?”

என் கணவரைப் பார்த்தேன். செயின் ஏற்கெனவே தேய்ந்துபோனது, புதுப் பல்லில் உட்காராமல் எகிறும் என்பது அவருக்கு முதல் நாளே தெரியுமாம். மாமா வெயிலில் அலைந்து வாங்கியதாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு, தினமும் காலையில் எனக்குத் தெரியாமல் எண்ணெய் மட்டும் விட்டிருக்கிறார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையைக் கட்டிக் காப்பாற்றிவிட்டார்கள். அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஓட்டியவள் நான்.

“சைக்கிள் கிட்ட நிக்கிறப்ப உங்க ரெண்டு பேர்ல யாரும் மாமா இல்ல, யாரும் மாப்பிள்ளை இல்ல. முடியாதுன்னா சொல்லுங்க, இப்பவே குஜ்ரில போட்டுட்டு வரேன்,” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒன்றாகப் போனார்கள். போல்ட் போட்டு இறுக்கும் பல்சக்கரமும் புதுச் செயினும் வந்தன. கொஞ்சம் செலவுதான். மாட்டும்போது முதல் அரைமணி நேரம் பழைய கதைதான். நீங்க சொல்லுங்க மாமா, இல்லைங்க நீங்க சொல்லுங்க. பிறகு எங்கோ பிடித்துக்கொண்டது. அது ஆவாது மாப்பிள்ளை, போல்ட்டு நீளம் பத்தாது என்று அப்பா குரலை உயர்த்தினார். உங்களுக்குக் கண்ணு தெரியல மாமா, கண்ணாடிய போட்டுட்டு வந்து பாருங்க என்று இவர் பதிலுக்குக் கத்தினார். சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்று கேட்டேன். அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் வாக்குவாதம். மாமனாருக்கும் மருமகனுக்கும் முன்பிருந்த மரியாதை போய்விட்டதே என்று உறவுக்காரர்கள் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். போனது போனதாகவே இருக்கட்டும்; ஏற்றத்தில் சுவிட்சை அழுத்தும்போது எனக்குக் கொஞ்சம்கூடப் பயமில்லை.