இறங்காத காலடி

வாரத்தில் ஆறு நாள் அவர் காலணிக் கடையில் மனிதர்களின் காலடியில் உட்கார்ந்திருப்பார். சாய்வான சின்ன முக்காலி, பாதம் அளக்கும் தகரப் பலகை, சுற்றிலும் திறந்து கிடக்கும் அட்டைப்பெட்டிகள். பதினெட்டு வருஷத்தில் முகங்களை நினைவில் வைக்கும் பழக்கமே அவருக்குப் போய்விட்டது. தெருவில் யாராவது சிரித்தால் திருதிருவென்று விழிப்பார். பார்வை கீழே இறங்கியதும்தான் தெளிவு வரும்: "எட்டாம் நம்பர். வலது கால் அரை நம்பர் பெருசு. நல்லா இருக்கீங்களா சார்?"

ஏழாவது நாள் அவர் வால். மனைவியின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டு வழியாக மலையுச்சிக் கோபுரத்துக்கு ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிறவர். மச்சான் முன்னால், இவர் கடைசியில். தனக்குப் பின்னால் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை. வாயைத் திறக்காத இந்த மனிதருக்குப் போய் 'வால்' என்று பட்டப்பெயர் வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

போன வருஷம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். ஓர் ஆள் குறைகிறது என்று சொல்லிக் கூட்டத்தைப் பாதி வழியில் நிறுத்தினார். நாற்பது நிமிஷம் தேடினார்கள். அந்த ஆள் குறுக்கு வழியில் கீழே போய், நுழைவாயில் பெஞ்சில் கால் நீட்டிப் படுத்திருந்தார். அதற்குப் பிறகு மச்சான் அந்தக் கதையைச் சொல்லாத சாப்பாட்டு வேளை கிடையாது.

இந்த ஞாயிறு பதினேழு பேர். மதியத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டார்கள். எதிரிப் படை வருகிறதா என்று ஒரு காலத்தில் காவலாளிகள் கண் விழித்துக் கிடந்த கல் கோபுரம் அது. சுற்றி மூன்று பக்கமும் கைப்பிடிச் சுவர். நாலாவது பக்கத்துச் சுவர் எப்போதோ சரிந்துவிட்டது. அங்கே புல் சரிந்து போய்ப் பள்ளத்தில் முடியும். சாப்பிட்டு ஓய்வெடுத்து, மூன்று மணி வாக்கில் படம் எடுக்க ஆரம்பிப்பதற்குள் மூடுபனி ஏறி, தூறலும் பிடித்துக்கொண்டது. மச்சான் நீல நிற பிளாஸ்டிக் மழைக்கோட்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எல்லோரும் கோட்டோடு சேர்ந்த தலைமூடியை இழுத்துவிட்டதும் முகம் என்று ஒன்று யாருக்கும் இல்லாமல் போயிற்று. மச்சான் எண்ணினார். பதினேழு. விசில் ஊதிவிட்டு இறங்கத் தொடங்கினார்.

இருபது நிமிஷம் இறங்கியிருப்பார்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே, மழை அதிகம் விழாத ஒரு சேற்றுத் திட்டு. வால் அங்கே நின்றுவிட்டார்.

சேற்றில், மேலே ஏறிப்போன ஒரு தடம். கான்வாஸ் ஷூ, ஆறாம் நம்பர், குதிகாலின் வெளிப்பக்கம் முழுக்கத் தேய்ந்தது. ஏறும்போதே அவர் கண்ணில் பட்டதுதான். தனியாக வந்திருந்த ஓர் அம்மாவுடையது. இறங்கிய தடங்களில் அதைத் தேடினார். இல்லை. குனிந்து, பிறகு முட்டி போட்டுத் தேடினார். இல்லவே இல்லை. அதற்குப் பதிலாகக் காலையில் இல்லாத ஒன்று இருந்தது: அடியில் ஆழமான பல் வெட்டிய புது பூட்ஸ், பத்தாம் நம்பர்.

கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார்.

மச்சான் வழுக்கிக்கொண்டே மேலே வந்தார். "என்ன மாப்ளே, மறுபடியுமா?"

"ஒரு அம்மா வரல மச்சான்."

"பதினேழு பேர். நானே எண்ணினேன்யா."

"என்னத்த எண்ணினீங்க?"

"ஆளத்தான். பின்ன மரத்தையா எண்ணுவாங்க?"

"ஆளயா, மழைக்கோட்டயா?"

மச்சான் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "அஞ்சு மணிக்கு வாட்ச்மேன் கீழ கேட்டப் பூட்டிருவான். இருட்டினா இவங்கள எப்படி இறக்குவேன்? போன வருஷம் மாதிரி என்னக் கோமாளி ஆக்காத, சொல்லிட்டேன்."

தான் மறுபடியும் தவறாக இருந்தால்? அப்படியிருந்தால் நல்லது என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆயுசு முழுக்கச் சிரித்துவிட்டுப் போகட்டும். மச்சானைத் தாண்டிப் போய், கடையில்கூட உயர்த்தாத குரலில் கத்தினார்: "எல்லாரும் தலைமூடியக் கழட்டுங்க! உடனே!"

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். நடுவில் ஓர் இளைஞன். காலையில் அவன் இவர்களோடு வரவே இல்லை. காலில் பல் வெட்டிய பூட்ஸ்.

"தனியாதாங்க வந்தேன்," அவனுக்குப் பல் தந்தியடித்தது. "நனஞ்சு நடுங்கிட்டு இருந்தேன். அந்தம்மா, 'இந்தக் கோட்ட நீ போட்டுக்கப்பா, நான் கோபுரத்துக்குள்ள ஒதுங்கிக்கிறேன்'னாங்க. பின்னாடி வர்றாங்கன்னு நெனச்சேன். பனில தனியா இறங்கப் பயந்து உங்ககூடவே..."

மச்சானின் முகம் வெளுத்தது. "மாப்ளே..."

"நீங்க இவங்கள இறக்குங்க. கேட்டப் பூட்ட விடாதீங்க." சொல்லிக்கொண்டே வால் ஏறத் தொடங்கிவிட்டார்.

இருபது நிமிஷ வழியைப் பத்தே நிமிஷத்தில் ஏறினார். கோபுரத்துக்குள் யாரும் இல்லை. தரைக் கற்களில் ஈரத் தடங்கள், தேய்ந்த குதிகால். அவை பின்வாசல் வழியாக வெளியே போயின. வெளியே மண்ணில் நான்கு அடி. பிறகு புல். சுவர் இல்லாத பக்கம்.

கூப்பிட வாயைத் திறந்தார். பெயர் தெரியவில்லை. பெயர்ப் பட்டியல் மச்சானின் போனில்.

"அம்மா! கான்வாஸ் ஷூ அம்மா!"

பனிக்குள் ஒன்றும் இல்லை. கீழே எங்கோ ஒரு கல் உருண்டு போனது. சத்தம் வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது.

"ஆறாம் நம்பர்! குதிகால் தேஞ்ச ஷூ!"

"யாருய்யா அது, என் ஷூ தேஞ்சதப் போட்டுக் குடுக்கிறது?" மெல்லிய குரல், கீழேயிருந்து. "என்னால நகர முடியல. பனி கொஞ்சம் விலகுச்சேன்னு பாக்க வந்தேன். வழுக்கி விட்டுருச்சு. காலுக்கு அந்தப் பக்கம் தரையே இல்ல."

"நகராதீங்க. பேசிட்டே இருங்க."

"என்ன பேச? பயமா இருக்கு, அதத்தான் பேச முடியும்."

"அதையே பேசுங்க."

அவர் குப்புறப் படுத்து, குரலைப் பிடித்துக்கொண்டு விளிம்பின் ஓரமாகக் குறுக்கே ஊர்ந்தார். ஈரப் புல் மார்பின் கீழ் வழுக்கியது. நாலு முழம் ஊர்ந்ததும் விரலில் ரப்பர் பட்டது, பிறகு கணுக்கால். பிடித்தார். அந்த அம்மா மல்லாந்து சாய்ந்து, இரண்டு கையாலும் புல்லைப் பற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு கால் விளிம்புக்கு வெளியே, பனிக்குள் தொங்கியது.

"கீழ பாக்காதீங்கம்மா. அந்தக் கால மெதுவா மடக்குங்க. என் கைல குடுங்க."

"முடியாது."

"குடுங்க. அவசரமே இல்ல."

கால் வந்தது. குதிகாலை உள்ளங்கையில் வாங்கிப் பிடிப்புள்ள ஒரு கல்லில் பதித்தார். "இதுல அழுத்துங்க. இப்போ அடுத்த கால்." ஒவ்வொரு பாதமாகத் தூக்கி வைத்து, அழுத்தச் சொல்லி, தானும் பின்னோக்கி ஊர்ந்தார். புல் தீர்ந்து தன் பாதத்தில் கோபுரத்தின் சுவர் தட்டியபோது இருவரும் சேற்று உருண்டைகளாக இருந்தார்கள்.

அந்த அம்மா அழுதார், கொஞ்சம் சிரித்தார், சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்து இன்னும் சேறாக்கிக்கொண்டார். கீழே காட்டுக்குள் மச்சானின் விசில் விட்டுவிட்டுக் கேட்டது.

"கால விடுங்க தம்பி. வலிக்குது."

வால் தன் கையைப் பார்த்தார். விடத்தான் நினைத்தார். விரல்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. அந்த அம்மாதான் குனிந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.