பதினொரு நிமிடப் பழைய வானம்

மதியம் இரண்டு மணிக்கு விருதுநகரில் யாரும் யாரையும் தேட மாட்டார்கள். வெயில் தெருவைக் காலி செய்துவிடும். எங்கள் வீட்டு மாடி அறையில் மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். இரண்டு தெரு தள்ளி, மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிகளிலிருந்து காரம் காற்றில் கலந்து ஜன்னல் வழியாக வரும். ஊருக்குப் புதியவர்கள் தும்மித் தீர்ப்பார்கள். வத்தல் யாவாரியின் மகளான எனக்கோ அந்த நெடியில்தான் கண் சொருகும். பாதி விழிப்பும் பாதி உறக்கமுமான அந்த நேரத்தில் எனக்கு வேலையும் நன்றாக ஓடும்.

வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கணினி இயங்குதளத்தின் நடுவில் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. நாம் திரையில் பார்க்கும் எந்த நிரலும் வலைக் கம்பியை நேராகத் தொட முடியாது. கர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் செய்தி கர்னலுக்குள் எந்த வழியாக நடந்து உரியவர் கைக்குப் போகிறது என்று பார்த்து, அந்த வழியைச் செப்பனிடுவது என் பிழைப்பு. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் என்ன வேலை என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லித் தப்பித்தேன். மறுநாளே ஒருவர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்காரருக்குச் சாத்தூரைத் தாண்டி அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. காலையில் வேன் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். கேட்டிலேயே கைபேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்து கிளம்பிய செய்தியும் என் மேசைக்கு வந்து சேரும் வழியை என்னால் படிப்படியாகப் பின்தொடர முடியும். ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் என் புருஷனிடம் சாப்பிட்டீகளா என்று கேட்க வழி இல்லை. அவசரமென்றால் கேட்டில் ஒரு பழைய தொலைபேசி உண்டு. அது எப்போதும் அடிக்காது, அடிக்கவும் கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் தொலைபேசி. இந்த ஏற்பாடு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். ஓர் அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் ஓர் ஆள் கூடாது. அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை மண்ணுக்குள் விட வேண்டும். கலவை அறையில் கலந்த வெடிமருந்தைத் தூக்கி வருகிறவர் நிரப்பும் அறைக்குள் நுழைய மாட்டார். வெளிமேடையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துத் திரும்பிவிடுவார். உள்ளே இருப்பவர் வந்து எடுத்துக்கொள்வார். காலையில் கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிச்சம் விழுந்தால் அழித்துவிட வேண்டும், நாளைக்கு ஆகுமென்று வைக்கவே கூடாது. மேகம் கூடினால் வேலையை நிறுத்துவது போர்மேன் பொறுப்பு. அதற்காக அவர் மணிக்கு இரண்டு தரம் வாசற்படிக்கு வந்து தென்மேற்கே வானத்தைப் பார்ப்பாராம்.

அன்றிலிருந்து மதிய நேரங்களில் எனக்குக் கர்னலும் அந்தக் கம்பெனியும் ஒன்றாகக் கலந்துபோயின. கம்பி வழியாக, செய்தி பொதிந்த ஒரு பாக்கெட் வருகிறது. கம்பி வந்து சேரும் வலை அட்டை அதை வாங்கி, நினைவகத்தில் ஒதுக்கிவைத்த இடத்தில் தானே இறக்கி வைக்கிறது. பிறகு கர்னலுக்கு ஒரு குரல் கொடுக்கிறது. அந்தக் குரலுக்கு ஓடிவரும் பகுதி அங்கே நின்று பேசாது. வந்துவிட்டது என்று குறித்துவிட்டு உடனே போய்விடும். சற்றுப் பொறுத்து வேறொரு பகுதி சாவகாசமாக வந்து பாக்கெட்டை எடுத்து மேல் உறையைப் பிரிக்கும். அதற்குள் இன்னோர் உறை, எந்தக் கணினிக்கு என்று எழுதியது. அதற்கும் உள்ளே மற்றோர் உறை, எந்த நிரலுக்கு என்று எழுதியது. ஒவ்வோர் உறையையும் பிரிக்க அதனதன் நெறிமுறை தெரிந்த ஒருவர் உண்டு. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்க மாட்டார். கடைசியில் அது சாக்கெட் என்னும் வாசலில் வரிசையாய்ப் போய் நிற்கும்.

அந்த வாசலுக்கு உள்ளே, செய்தி வேண்டிய நிரல் தூங்கிக்கொண்டிருக்கும். எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்தத் தூக்கம்தான். வருமா வருமா என்று அது எட்டி எட்டிப் பார்ப்பதில்லை. வந்தால் எழுப்பு என்று கர்னலிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிடும். எழுப்பும் வரை அதற்குக் காலமே கிடையாது. ஒரு கணம் தூங்கியதா ஒரு நாள் தூங்கியதா என்று அதற்குத் தெரியாது. நானும் எத்தனையோ மதியங்களில் அதைப் படித்தபடியே மேசையில் தலைவைத்து உறங்கி, சாயங்காலம் வேன் சத்தம் கேட்டு எழுந்திருக்கிறேன். சுகமான நாட்கள் அவை.

போன ஆடியில் அவருடைய முதலாளி ஒரு கருவி வாங்கினார். காற்றில் மின்சாரம் ஏறுவதை வைத்து இடி வரப்போவதை முன்னாலேயே சொல்லும் கருவி. கம்பெனி எல்லையில் கம்பம் நட்டு அதில் பொருத்தியாயிற்று. அது சொல்வதைக் கேட்டு அபாயச் சங்கை ஊத வைக்க கேட் அறையில் ஒரு சின்னக் கணினி வேண்டும், அதற்கு நிரல் எழுத ஆள் வேண்டும். உங்க வீட்டம்மா கம்ப்யூட்டர் ரிப்பேர்தானே என்று முதலாளி கேட்டிருக்கிறார். நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் பகல் நேரத்தில் ஒரு நூலாவது ஓடுமே என்று உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

செய்தி அனுப்புவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, கிடைத்தது என்று பதில் வரும் வரை விடாமல் அனுப்பும். இன்னொன்று, வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். சேர்ந்ததா என்று கேட்காது. கம்பத்துக் கருவி இரண்டாவது ரகம். நொடிக்குப் பலமுறை ‘அமைதி’, ‘அமைதி’ என்று வீசிக்கொண்டே இருக்கும். வானம் மாறினால் ‘இடி’ என்று வீசும். அப்படி வருகிறவற்றை வாசலில் எத்தனை வரை நிறுத்தி வைக்கலாம் என்பதை நிரல் எழுதுகிறவர் தீர்மானிக்கலாம். இடம் போதாவிட்டால் கர்னல் புதிதாக வருவதை யாரிடமும் சொல்லாமல் கீழே போட்டுவிடும்.

அங்கேதான் நான் வத்தல் யாவாரியின் மகளாக யோசித்தேன். என்னைப் பெற்ற அத்தாவின் கிட்டங்கியில் வந்த லோடைத் திருப்பி அனுப்பிய சரித்திரமே கிடையாது. முதலில் வந்த மூட்டை முதலில் வெளியே போகும். பிந்தி வந்தது முறை வரும் வரை அடுக்கில் இருக்கும். ஒரு செய்தியும் கீழே விழக் கூடாது என்று வாசல் வரிசைக்கு இயன்ற அளவு பெரிய இடம் கொடுத்தேன். வந்த ஒவ்வொன்றையும் நினைவக அட்டையில் எழுதிய பிறகே அடுத்ததை எடுக்கச் சொன்னேன். என் மேசையிலிருந்து பார்க்க ஓர் இணையப் பக்கமும் வைத்தேன். பார்க்க மட்டும்தான், வீட்டிலிருந்து தவறுதலாக ஊதிவிடக் கூடாதென்று சங்கின் பொறுப்பை எனக்கு நானே தரவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மாதம் அந்தப் பக்கத்தில் ‘அமைதி’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாக இருந்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கம்பெனியில் ஓர் அறைகூடக் காலியில்லை. மூன்று மணி இருக்கும். வழக்கமான மயக்கத்தில் இருந்த என்னை ஒரு குளிர்காற்று தொட்டது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்திருந்தது. எட்டிப் பார்த்தால் தெற்கே சாத்தூர்ப் பக்கம் வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. திரையில் ‘அமைதி’ என்றிருந்தது. கருவிக்குத் தெரியாததா என்று மறுபடி உட்காரப் போனேன். அப்போதுதான் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த நேரம் கண்ணில் பட்டது. அது பதினொரு நிமிடம் பழையது.

அதற்குக் கீழேயே வாசலில் காத்திருக்கும் செய்திகளின் எண்ணிக்கை இருந்தது. நானே வைத்து, நானே இரண்டு மாதமாகப் பார்க்காத எண். அது ஆயிரக்கணக்கில் இருந்தது. காற்று மாற மாறக் கருவி வேகமாக வீசியிருக்கிறது. என் நிரலோ ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதி எழுதிப் பின்தங்கியிருக்கிறது. ‘இடி’ என்ற செய்தி வராமல் இல்லை. கம்பத்திலிருந்து கிளம்பி, உறைகள் எல்லாம் பிரிந்து, வாசலுக்கே வந்து நிற்கிறது. அதற்கு முன்னால் ஆயிரம் பழைய அமைதிகள் நிற்கின்றன. என் நிரல் அவற்றை ஒவ்வொன்றாக, மரியாதையாக, வந்த முறைப்படி படித்துக்கொண்டிருக்கிறது. அவர் அந்த நேரத்தில் நிரப்பும் அறையில் இருப்பார்.

கேட்டில் இருக்கும் தொலைபேசிக்கு அடித்தேன். காவல்காரர் எடுத்தார். வயதானவர், என் குரலை ஒரே ஒரு தரம் கேட்டவர். அங்கன மேகம் எப்படி இருக்கு என்றேன்.

“கருகருன்னு இறங்கிருச்சு தாயி. சங்கு ஊதலையேன்னு பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன்.”

“சங்கை நம்பாதீக. மணியை அடிங்க. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க.”

அவர் ரிசீவரை வைக்காமலே ஓடிவிட்டார். கேட்டில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். சங்கு வருமுன் அதுதான் மணி. அவர் அதை அடிப்பது எனக்கு இங்கே கேட்டது. கைபேசியைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி நிற்கவில்லை. பிறகு பெண்களின் பேச்சு, செருப்பில்லாத கால்கள் ஓடும் சத்தம், யாரோ பெயர் சொல்லி எண்ணுகிற சத்தம். கேட்டை ஒட்டி இடிதாங்கி வைத்த கூடம் ஒன்று உண்டு. எல்லோரும் அதற்குள் போகிறார்கள் என்று ஊகித்தேன். அவர் குரல் மட்டும் கேட்கவில்லை. முதல் இடி விழுந்த சத்தம் தொலைபேசி வழியாகவே என் காதை அடைத்தது. அதன் பிறகும் சற்று நேரம் கழித்து, எல்லோரும் கூடத்துக்குள் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், என் சங்கு ஊதியது.

காவல்காரர் திரும்பி வந்து ரிசீவரை எடுத்தார். எல்லாரும் வந்தாச்சு என்றார். போர்மேனும் வந்துட்டாரா என்று கேட்டேன். அவர்தான் கடைசியாக வந்தாராம், எல்லா அறையையும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

சாயங்காலம் நனைந்த சட்டையோடு வந்தார். கம்பெனிக்கு வடபுறத் தரிசில் இடி விழுந்து ஒரு பனைமரம் எரிந்துபோனதைச் சொன்னார். தட்டு வைத்து, சோறு போடுமுன்பே என் தப்பை ஒப்புக்கொண்டேன். கிட்டங்கியையும் லோடையும் சொல்லி, பழைய செய்திகளை ஏன் விட மனம் வரவில்லை என்பதையும் சொன்னேன். மருந்து மாதிரி அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டியதை வத்தல் மாதிரி அடுக்கி வைத்துவிட்டேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தப்பு உன் மேல மட்டும் இல்ல புள்ள. முன்னெல்லாம் மணிக்கு ரெண்டு தரம் படிக்கு வந்து வானத்தைப் பாப்பேன். நீ பொட்டி வச்சதுல இருந்து பாக்குறதே இல்ல. நீ செஞ்சதாச்சே, அது சொல்லும்னு இருந்துட்டேன்.”

இரண்டு மாதமாக ஒரு நூல் ஓடுகிறது என்று நான் இங்கே கண் சொருகிக் கிடந்தேன். அதே நூலை நம்பி அவர் அங்கே வானத்தை விட்டிருக்கிறார்.

அந்த வாரமே நிரலைத் திருத்தினேன். வாங்குவதை ஒரு கையும் அட்டையில் எழுதுவதை வேறொரு கையும் செய்கின்றன. எழுதுகிற கைக்காக வாங்குகிற கை நிற்பதில்லை. வாசலில் சேர்ந்ததை எல்லாம் ஒரேயடியாக அள்ளிப் பார்க்கிறது. அதில் ஓர் ‘இடி’ இருந்தால் போதும், சங்கு ஊதிவிடும். கருவியிடமிருந்து ஐந்து நொடி எந்தச் செய்தியும் வராவிட்டாலும் ஊதிவிடும். என் இணையப் பக்கத்தில் ‘அமைதி’ என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். கடைசிச் செய்தி எத்தனை நொடிக்கு முந்தையது என்ற எண் மட்டும் இருக்கிறது.

இப்போதும் மதியத்தில் கிட்டங்கிக் காரம் வருகிறது, மின்விசிறி சுற்றுகிறது, எனக்குக் கண் சொருகத்தான் செய்கிறது. ஆனால் மூன்று மணிக்கு எழுந்து, அடிக்கவே கூடாத அந்தத் தொலைபேசியை அடிக்கிறேன். காவல்காரருக்குப் பழகிவிட்டது. என் கேள்விக்குக்கூடக் காத்திருப்பதில்லை.

“படிக்கு வந்து பாத்துட்டாரு தாயி” என்கிறார்.

அதன் பிறகுதான் மேசையில் தலை வைக்கிறேன்.