வேஸ்ட் குடோன் புத்தி

யாராவது ஒரு பொருளை இங்கிலீஷில் மட்டம் தட்டினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். "இது உதவாதுப்பா" என்று தமிழில் சொல்லுகிறவனைக்கூட நம்பிவிடுவேன். "வேஸ்ட்டு" என்கிறவன் அடுத்த நிமிஷம் அதைத் தன் வண்டியில் ஏற்றப் பார்ப்பான். பழைய பேட்டரியை ஸ்கிராப்பு என்பவன், ஓரத்தில் ஒரு நூல் இழுத்த சேலையை டேமேஜ் என்பவன், நன்றாக ஓடுகிற மோட்டாரைக் கண்டெம்டு என்பவன் எல்லோரும் எனக்கு ஒரே ஆள்தான்.

இந்தப் புத்தி அருப்புக்கோட்டையில் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நூல் மில்லில் வேஸ்ட் குடோனைப் பார்த்துக்கொண்டேன். வெளியாளுக்கு எல்லாம் குப்பைப் பஞ்சு. எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி விலை. மிஷினுக்கு அடியில் விழுவது டிராப்பிங். நூலான பிறகு அறுந்து சிக்குவது ஹார்டு வேஸ்ட். தரையில் கூட்டி அள்ளுவது ஸ்வீப்பிங். வாங்க வரும் வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, டிராப்பிங்கை ஸ்வீப்பிங் என்பான். ஸ்வீப்பிங்கைக் காட்டினால் டஸ்ட் என்பான். எதையும் ஒரு படி இறக்கிச் சொன்னால்தான் அவனுக்குப் பிழைப்பு. மூட்டையைத் தைத்துப் பழைய இடத்தில் அடுக்கிவிடுவேன். போவான், வருவான், மறுபடி போவான். மூன்றாம் தடவை வரும்போது சரியான பெயர் தானாக வாயில் வரும். முதல் தடவை கேட்டவனுக்கு நான் ஒரு மூட்டைகூட விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

உண்மையிலேயே எதற்கும் ஆகாத சாமான் ஒன்று இருந்தது. எண்ணெயும் மண்ணும் ஊறிப்போன பஞ்சு. அதற்குப் பெயரே கிடையாது. எந்த வியாபாரியும் அதைக் குறை சொன்னதில்லை, திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. காம்பவுண்டுக்குப் பின்னால் குழியில் தள்ளிவிடுவோம். பெயர் வைத்துத் திட்டுகிற வரைக்கும் சரக்குக்கு விலை உண்டு என்று அக்காவிடம் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறேன்.

அக்கா திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊரிலேயே இருக்கிறாள். அத்தான் போன பிறகு நூறு நாள் வேலைதான் அவளுக்கு. எங்கள் அப்பா கூலிக்குக் களை வெட்டிய புஞ்சைக்காட்டிலேயே ஒரு துண்டைக் கடைசிக் காலத்தில் வாங்கினார். அது எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. விதைத்து வருஷக்கணக்காகிவிட்டது, சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. நாலு பேர் புஞ்சையைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் யார் காட்டில் யார் நடந்தாலும் கேட்கமாட்டார்கள். அதனால் பாதையைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் காட்டுக்குத்தான் சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் வந்தார். கருவேல மரத்தடியில் நின்று செல்போனில் மேப்பைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது வேஸ்ட் லேண்டுண்ணே. நீங்க வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக?" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. என் கண்ணுக்கு அவர் கை அந்த நிமிஷமே மூட்டைக்குள் போய்விட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அக்காவுக்கு விற்றுவிட ஆசை. ஊரில் மாவு அரைக்க ஒரு மிஷின் கிடையாது. மிளகாயையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். தன் பங்குப் பணத்தில் ஒரு அரவை மிஷின் போட வேண்டும் என்று அவள் முன்னறையை அளந்து, தரையில் சாக்பீஸால் சதுரம் போட்டு வைத்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு குடத்தைக்கூட வைக்கமாட்டாள்.

"விலை பரவாயில்லைன்னு ஊர்ல சொல்றாக தம்பி. ஆனா நீ சரின்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்றாள்.

மூன்றாம் தடவை வரட்டும் என்றேன். இரண்டாம் தடவை வந்த புரோக்கர் விலையைக் கொஞ்சம் ஏற்றினார். அதுவே என் சந்தேகத்தைக் கிளறிவிட்டது. காரணமில்லாமல் ஒருவன் ஏற்றுவானா? மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது, ரோடு ஏதும் வருகிறதா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் புத்தி அக்கா மேலேயே போனது. "அவரு உங்கிட்டத் தனியா ஏதும் பேசுனாரா?" என்று கேட்டுவிட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் தடவை அவர் வரவில்லை. நான் காத்திருந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். அவசரக் குடுக்கைகள் என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காட்டைப் பார்க்கப் போனால் கம்பிவேலி நிற்கிறது. காவலுக்கு இருந்தவர், கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார். அங்கேயும் வேலி. உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடித் தட்டுகள், நடுவில் எங்கள் கருவேலங்காடு மட்டும் பச்சையாக நின்றது. தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தேன். பாதைக்குக் காகிதம் கேட்டார்கள். பஞ்சு வேண்டுமென்றால் எவனும் என்னிடம்தான் வர வேண்டும், குடோன் வாசல் ஒன்றுதான். நிலத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மானத்தை விட்டு புரோக்கருக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் பக்கம் வேலை முடிஞ்சிருச்சுண்ணே. இனிமே தேவைப்படாது" என்றார். முதலில் சொன்ன விலைக்கே தருகிறேன் என்றேன். வேறு லைனில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். இதுவும் ஒரு தந்திரமோ என்று அதற்குப் பிறகும் ஒரு மாசம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முன்னறையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப என்ன பேரு சொல்றாரு அந்த எடத்துக்கு?" என்று கேட்டாள்.

"பேரு ஒண்ணும் சொல்லலக்கா."

சரி என்று தலையை ஆட்டினாள். அரிவாள்மணையை ஓரமாக வைத்தாள். ஈரத்துணியைக் கொண்டுவந்து, தரையில் இருந்த சாக்பீஸ் சதுரத்தை நாலு பக்கமும் அழுத்தித் துடைத்தாள். பிறகு வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து அந்த இடத்தில் வைத்தாள்.