அண்ணாச்சி வரும்வரை

என் பேரு பெருமாள்ராஜ். பாளையங்கோட்டையில பல்பு, ஒயர் விக்கிற கடை இருக்கு. கடையைப் பாத்துக்கிடுதது என் பெண்டாட்டி சங்கரி. எனக்குச் சோலி மைக்குல. அமைச்சர் அண்ணாச்சி மேடைக்கு வந்து சேருத வரைக்கும் கூட்டம் கலையாமப் பேசணும். கார் வந்து நின்னுட்டா வாயை மூடிக்கிட்டு இறங்கிரணும். முப்பது வருசத்துல ஒரு பேச்சையாவது நான் முடிச்சது கிடையாது. "ஆகவே பெரியோர்களே"ன்னு நிமிருவேன், அதுக்குள்ள வெடி போட்டுருவானுவ. அந்த ஆகவேக்குப் பிறகு என்ன சொல்ல வந்தேன்னு ஒருத்தனும் கேட்டதில்ல. எனக்கும் தெரியாது, அது வேற விசயம்.

அண்ணாச்சி கவுன்சிலரா இருந்தப்ப பத்து நிமிசம் பேசினாப் போதும். எம்.எல்.ஏ. ஆனாவ, ஒரு மணி நேரம் ஆச்சு. மந்திரியானதும் மூணு மணி நேரம். அவுகளுக்குப் பதவி ஏறுச்சு, எனக்குத் தொண்டை கட்டுச்சு. ஆனா டீக்கடையில நான் விட்ட பீலா இருக்கே! "நம்ம சொன்னா அண்ணாச்சி தட்ட மாட்டாவ." அதை நம்பி நாலு பேரு மனு கொண்டாருவாக. நான் அதை உதவியாளர் அப்பாத்துரை கையில கொடுப்பேன். அவரு எங்கன வைப்பாரோ, அவருக்குத்தான் வெளிச்சம். அண்ணாச்சிக்கு என் பேரு தெரியாது. "ஏலே மைக்கு"ன்னு கூப்பிடுவாவ. அதுக்கே நான் பூரிச்சுப் போவேன்.

போன ஆவணியில மக இசக்கிச்செல்விக்குக் கல்யாணம். பத்திரிகையில அண்ணாச்சி பேரைக் கொட்டை எழுத்துல போட்டேன். மக ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"யப்பா, யாரு வந்தாலும் வராட்டாலும், தாரை வார்த்து என்னையக் குடுக்க நீங்க மேடையில இருக்கணும்."

"இது என்னட்டி கேள்வி!"ன்னேன்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள தாலி ஏறணும். ஒம்பதரைக்கு அப்பாத்துரை போன்ல, "அண்ணாச்சி வாகைக்குளம் ஏர்போர்ட்டைத் தாண்டியாச்சு வே, கூட்டம் கலையாமப் பாத்துக்கிடும்"ன்னாரு. தாண்டியாச்சுன்னா இன்னும் பிளேனே இறங்கலன்னு அர்த்தம். இத்தனை வருசத் தொழில், எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் பட்டுவேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்டப வாசலுக்கு ஓடினேன். அங்கன மைக்கு இருந்துச்சு. கை தானாப் போயிட்டு.

"இதோ வந்துகொண்டிருக்கிறார்..."

பத்து மணிக்கு என் தம்பி முத்துமாலை வந்து கையைப் பிடிச்சு இழுத்தான். "தாரை வார்க்க ஐயர் கூப்பிடுதாருண்ணே. மதினி அழுதாவ."

"கேடிசி நகர்ல நிக்காவளாம்லே, அஞ்சே நிமிசம்!"

அவன் என்னைய ஒரு பார்வை பாத்துட்டுப் போயிட்டான். நான் அண்ணாச்சி கவுன்சிலரா இருந்து தெருக்குழாய் போட்டதுல ஆரம்பிச்சு, தாமிரபரணிப் பாலம் வரைக்கும் வந்தேன். "ஆகவே பெரியோர்களே"ன்னு நிமிருதேன், கெட்டிமேளம் கொட்டுச்சு. அண்ணாச்சி வந்துட்டாவன்னு ரோட்டைப் பாத்தேன். ரோட்டுல ஒரு ஆட்டோதான் நின்னுச்சு.

அப்பத்தான் புத்தியில உறைச்சுது. உள்ள ஓடினேன். தாலி ஏறிட்டு. தாரை வார்த்துக் குடுத்தவன் என் தம்பி. அவன் உள்ளங்கை இன்னும் ஈரமா இருந்துச்சு.

அண்ணாச்சி பன்னெண்டே காலுக்கு வந்தாவ. மொத்தம் நாலு நிமிசம். "பொண்ணுக்கு அப்பா யாரு வே?"ன்னு கேட்டாவ. "நம்ம மைக்குதான்"னாரு அப்பாத்துரை. அவுக சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். சீ, சிரிச்சேன் பாரும்!

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது மககிட்டப் பைய கேட்டேன். "அப்பா மேல கோவமாம்மா?"

"கோவம் என்ன யப்பா. பொண்ணுக்கு அப்பா எங்கன்னு ஐயர் மூணு தடவை கேட்டாரு. இதோ வந்துகொண்டிருக்கிறார்னு மூணு தடவையும் நாந்தான் சொன்னேன்."

சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டா.