நான் சிக்கிக்கொண்ட சுரங்கம்

போன குளிர்காலத்தில், வடக்கே மகர்பட்டாவில் நாங்கள் குடியிருக்கும் வளாகத்தின் கிளப் ஹவுஸில் ஒரு கண்காட்சி வைத்தேன். நான் தொல்லியல் படித்தவள். கர்நாடகத்தில் ராய்ச்சூர் பக்கம் பழங்காலத்தில் தங்கம் தோண்டிய இடங்களை ஆராயும் குழுவில் இருக்கிறேன். பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி, விரிசல் விட்டதும் உடைத்து, மாவாக அரைத்து, தண்ணீரில் அலசித் தங்கத்தைப் பிரித்தார்கள். இதையெல்லாம் கட்டுரையாக எழுதினால் எங்கள் ஆட்கள் மட்டும்தான் படிப்பார்கள். அக்கம்பக்கத்தாரும் பார்க்கட்டுமே என்று ஆசைப்பட்டேன்.

ஆனால் அரைகல்லையும் போட்டோவையும் பார்க்க யார் வருவார்கள்? அதனால் பிளைவுட்டில் ஒரு சுரங்கம் செய்யச் சொன்னேன். பழைய சுரங்கத்தின் ஒடுக்கமான பகுதி எப்படியோ அதே அளவு. படுத்து ஊர்ந்துதான் போக வேண்டும்.

கணவர் பார்த்துவிட்டு, "பெரியவங்க இதுல போக முடியுமா?" என்றார்.

"நானே நிஜச் சுரங்கத்துல போயிருக்கேனுங்க" என்றேன். போனது கல்லூரி நாட்களில்.

திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டியதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர், "முதல்ல மேடமே போய்க் காட்டட்டும்" என்று இந்தியில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். மைக்கைக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். வளைவில் தோள் போயிற்று, இடுப்பு போகவில்லை. முன்னாலும் நகர முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. வெளியே கைத்தட்டல் மெல்ல நின்றது.

"என்னாச்சு?" கணவரின் குரல்.

"ஒண்ணுமில்லீங்க. சிக்கிட்டேன்."

தமிழில் சொன்னால் அவருக்கு மட்டும் புரியும் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற மதுரைக்காரர் ஒருவர் உடனே, "மேடம் ஃபஸ் கயீ!" என்று கூட்டத்துக்கே மொழிபெயர்த்தார். ஒரே சிரிப்பு. இரண்டு வாட்ச்மேன்களும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் காலைப் பிடித்து இழுத்தார்கள். குர்தா முதுகு வரை ஏறிவிட்டது. நான் வெளியே வந்தபோது முடியெல்லாம் சுரங்கத்துக்குள் பூசியிருந்த சுண்ணாம்புத் தூள். எதிரே வரிசையாக மொபைல்கள். மறுபடி கை தட்டினார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் வீடியோ எல்லாக் கட்டடங்களின் குரூப்பிலும் போய்விட்டது. நான் எதிர்பார்க்காத கூட்டம் வந்தது. "மேடம் சிக்கின டனல் எங்கே?" என்று என்னிடமே கேட்டார்கள். கூனிக் குறுகிக்கொண்டு கை காட்டினேன்.

அன்று சாயங்காலம் ஒரு சென்னைப் பெண் வந்தாள். ஹிஞ்சேவாடி ஐ.டி. பூங்காவில் வேலை போலிருக்கிறது, கழுத்தில் கம்பெனி அட்டை. அவள் சிரிக்கவில்லை. குனிந்து சுரங்கத்துக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

"நேத்து உங்களை இழுக்க வெளிய ஆளுங்க இருந்தாங்க. அந்தக் காலத்துல உள்ளே சிக்கினவங்களை என்ன பண்ணாங்க?"

"தெரியலைங்க."

"இவ்ளோ சின்னதா இருக்கே, யார் போயிருப்பாங்க? குழந்தைங்களா?"

"இருக்கலாம். ஆதாரம் இல்லை."

அவள் சுரங்கத்துக்கு மேலே நான் எழுதி மாட்டியிருந்த பலகையைப் படித்தாள். 'நம் முன்னோரின் அறிவும் துணிவும்' என்று தொடங்கும். உள்ளே மூட்டிய தீயின் புகை எங்கே போயிருக்கும், எத்தனை பேர் மூச்சுத் திணறியிருப்பார்கள் என்றெல்லாம் குழுவில் நாங்கள் டீ குடிக்கும்போது பேசிக்கொள்வதுண்டு. பலகையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு எதற்கு என்று நான்தான் விட்டிருந்தேன்.

"தெரியலைன்னாவது எழுதியிருக்கலாம்ல?" என்றாள். குற்றம் சாட்டும் குரலில்லை. எனக்குக் காது சுட்டது. நேற்று என் காலைப் பிடித்து இழுத்தபோதுகூட இப்படிச் சுடவில்லை.

வீட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவர், "விடு, வீடியோவை ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துருவாங்க" என்றார். அதற்குத்தான் வருந்துகிறேன் என்பதுபோலத் தலையாட்டினேன்.

காலையில் பலகையைக் கழற்றிவிட்டு ஒரு தாளை ஒட்டினேன். 'உள்ளே இறங்கியவர்கள் யார் என்று தெரியவில்லை. சிலர் திரும்பாமலும் போயிருக்கலாம்.' வந்தவர்களில் ஓரிருவர் படித்தார்கள். மற்றவர்கள் சுரங்க வாயிலுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னேன்.