மடியில் ஹெல்மெட்

என் மகன் ஆடிய ஆட்டத்தை யாருக்கும் ஒரே தடவையில் விளக்கி முடித்ததாக எனக்கு நினைவில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் என்றால், "காலால உதைப்பாங்களே, அதானே?" என்பார்கள். இல்லை, பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்கள். "அப்போ ரக்பி." அதுவும் இல்லை. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், எதிரே வருபவனை மோதிச் சாய்த்து, முட்டை வடிவப் பந்தை மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவு சொல்வதற்குள் எனக்கே அலுத்துவிடும்.

செங்கல்பட்டில் இருக்கிறோம். படாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கணவருக்குக் கல்பாக்கத்தில் ஷிப்ட் வேலை. மகன் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அங்கே இப்படி ஓர் அணி இருப்பது கல்லூரியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆட்களைவிட ஹெல்மெட்டுகள் குறைவு. எல்லாம் வேறு யாரோ போட்டுக் கழித்தவை. பந்தை எடுத்து ஓடும் கூட்டம் வெளியே வந்ததும், தடுக்கும் கூட்டம் அவர்கள் தலையிலிருந்து வாங்கி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு உள்ளே போகும். ஆயுத பூஜைக்கு எல்லா ஹெல்மெட்டையும் மைதானத்தில் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்கடா, மிக்ஸி ஜாருக்கெல்லாம் பொட்டு வச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டாராம். மகன் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்த சீசனில் நான் மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்கு அடிபட்டது. நான் அங்கே இல்லை. அவனோடு ஆடும் பையன் ஒருவன் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி, லைட்டா மோதிக்கிட்டான். ஹெல்மெட் இருந்துச்சுல்ல."

உள்ளே வந்தவன் வாந்தி எடுத்தான். மத்தியானம் தின்ற பரோட்டா சேரவில்லை என்றான். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"பரோட்டா இல்ல, கண் திருஷ்டி. ஆயுத பூஜைக்கு எடுத்த போட்டோவ ஊரு பூரா அனுப்பினான்ல? அதான்."

உப்பும் மிளகாயும் எடுத்து அவன் தலையை மூன்று முறை சுற்றி, எங்கள் அடுப்பிலேயே போட்டார். புகைபோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வாசலருகே நின்ற எனக்கு லேசாக வாடை வந்தது.

"நெடி தெரியுதாடா?" என்று அவனைக் கேட்டார்.

"இல்லியே."

"பாத்தியா? நெடியே வரலைன்னா எவ்ளோ கண்ணு பட்டிருக்குதுன்னு பாத்துக்க. இனிமே சரியாப் போயிடும்." நிம்மதியாகக் கையைத் தட்டிவிட்டுப் போனார். அவனும் தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை பாலை அடுப்பில் வைத்து, பார்த்துக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குளியலறை வரை தீய்ந்த வாடை வந்தது. ஓடி வந்தால் பாத்திரம் கருகிக்கொண்டிருக்கிறது. அவன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா, மூக்கு அடைச்சிருக்கா?"

"இல்லம்மா. ஏன்?"

அந்த "ஏன்?" இன்னும் என் காதில் இருக்கிறது. அக்கா போட்ட மிளகாயும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஈரத் தலையோடு அவனை ஆட்டோவில் ஏற்றினேன்.

மருத்துவர் அவனிடம் கிழமை கேட்டார், சொன்னான். முந்தைய நாள் ஆட்டத்தின் முடிவைக் கேட்டார். யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை. அடிபட்டதில் மோப்ப நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தலையில இன்னொரு அடி படக்கூடாது. இந்த சீசன் இவருக்கு முடிஞ்சது" என்றார்.

ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே இருக்கும் மூளை தன் வேகத்தில் போய் இடித்துத்தான் நிற்கும். பேருந்து பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதேதான். ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம். அந்த ஆண்டு பாதியில் நிறுத்தி, பிள்ளைகளைப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அணி வென்றுகொண்டே போனது. இவன் ஆடவில்லை, ஆனால் தினமும் போனான். தண்ணீர் கொடுக்கிறேன், ஹெல்மெட் வார் இறுக்குகிறேன் என்பான். அவன் ரயில் ஏறியதிலிருந்து திரும்பி வரும்வரை எனக்கு எதிலும் மனம் ஓடாது. ராத்திரி அவன் சட்டையில் புல் கறை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இறுதி ஆட்டம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மைதானத்தில். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கும்மா?"

"கடல் பாக்க."

அவன் நம்பவில்லை. பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வெயில். கடல்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. சிமென்ட் படியில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் எனக்குப் புரியவில்லை. அவன் கோட்டுக்கு வெளியே இருக்கிறானா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நிமிடங்களில் இவன் இடத்தில் ஆடிய பையன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இருவர் தோளில் தொங்கியபடி வெளியே வந்தான். ஏற்கெனவே சிலர் அடிபட்டு உட்கார்ந்திருந்ததால் மாற்று ஆள் இல்லை. இன்னும் ஒரு முறை பந்தை அந்தக் கோடிக்குக் கொண்டுபோனால் ஜெயித்துவிடலாம் போலிருந்தது. கோச், அதே கல்லூரியில் படித்து இப்போது ஐ.டி.யில் இருக்கும் இளைஞர், என் மகனைப் பார்த்தார்.

"சும்மா போய் நின்னாப் போதும்டா. யாரையும் முட்டாத."

"வா மச்சான், ஒரே ஆட்டம். உன்னிய எவனும் தொடமாட்டான், நான் கீறேன்ல," என்று உள்ளேயிருந்து ஒருவன் கத்தினான்.

மகன் குனிந்து, விழுந்த பையனின் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். நான் எழுந்துவிட்டேன்.

அவன் மைதானத்துக்குள் போகவில்லை. படியேறி என்னிடம் வந்தான். "உக்காரும்மா" என்றான். உட்கார்ந்ததும் ஹெல்மெட்டை என் மடியில் வைத்தான்.

"நான் கேட்டாலும் குடுக்காத."

இறங்கிப் போனான். கோட்டருகே நின்றான். கைகளைக் கட்டினான், அவிழ்த்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பி ஓடி வந்தான்.

"அம்மா, குடு."

"மாட்டேன்."

"நான்தானே கேக்கறேன்!"

"நீதானே சொன்ன."

"அது அப்போ சொன்னதும்மா. இப்போ குடு, டைம் போகுது."

வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அவன் பிடித்து இழுத்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. இழுக்கவில்லை. கண் கலங்க நின்று பார்த்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி கீழ்ப்படியில் உட்கார்ந்தான். ஓர் ஆள் குறைவாகவே ஆடி, அவர்கள் தோற்றார்கள்.

திரும்பும்போது அணி முழுதும் எங்களோடு அதே பேருந்தில் வந்தது. காலில் ஐஸ் கட்டியிருந்த பையன், "ஆன்ட்டி, இந்த சீசன்ல செம டிஃபென்ஸ் நீங்கதான்," என்றான். யாரோ சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை, ஆனால் இந்த முறை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டை யாரும் கேட்காததால் அது இன்னும் என் மடியிலேயே இருந்தது. பல தலைகளின் வியர்வை. ஜன்னலைத் திறந்தும் போகவில்லை. துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கேட்டான்.

"ரொம்ப நாறுதாம்மா?"

"ஆமாண்டா."

"எப்படி?"

மழையில் நனைந்த ஷூவை மூட்டைகட்டி வைத்த மாதிரி என்றேன். அதில் கொஞ்சம் புளித்த மாவும் என்றேன். அவன் ஹெல்மெட்டைத் தன் மடிக்கு இழுத்து, முகத்தை உள்ளே விட்டு, நன்றாக மூச்சை இழுத்தான். அப்படியே இருந்தான்.